தெங்கிலிங் எந்தப் பெட்டியில்?

என் மகள் மூன்று மாதமாக "பெரிம்மா சொன்னாங்க" என்று ஆரம்பிக்காமல் வாயே திறப்பதில்லை. பெரிம்மா வேறு யாருமில்லை, என் சொந்த அக்காதான். ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். நான் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வரும்வரை மகள் அங்கேதான் பாடம் படிப்பாள். கொடுத்துவைத்தவள் நீ என்பார்கள் அக்கம்பக்கத்தில். என் வயிறு எரிந்தது எனக்குத்தான் தெரியும்.

ஒரு வாரம் அறிவியல் பாடம், முதுகெலும்புள்ள விலங்குகள். மீன், நீரிலும் நிலத்திலும் வாழ்வன, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று நோட்டில் ஐந்து பெட்டி போட்டு, அக்கா வண்ணப் படம் ஒட்டிக் கொடுத்திருந்தாள். பாலூட்டிப் பெட்டியில், பசுமாட்டுக்குப் பக்கத்தில் ஒரு தெங்கிலிங். உடம்பு முழுக்கச் செதில் போர்த்திய எறும்புத்தின்னி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் நாங்கள் இருந்த கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டில், ரப்பர் மரத்தடியில் அது சுருண்டு கிடந்ததை நேரில் பார்த்தவள் நான். அக்கா அப்போது வீட்டுக்குள் புத்தகமும் கையுமாக இருந்தாள். அவள் படிக்கட்டும் என்றுதான் வீட்டு வேலை எல்லாம் என் தலையில் விழுந்தது.

"செதில் இருந்தா பாம்பு, ஓணான் கூட்டம்லா. ஊர்வனன்னு எழுது," என்றேன்.

குட்டிக்குப் பால் கொடுக்குமாம், செதிலுக்கு நடுவே முடிகூட இருக்குமாம், அதனால் பாலூட்டிதான் என்று பெரிம்மா சொன்னதாக மகள் இழுத்தாள். பெற்றவள் நானா அவளா என்று கத்திவிட்டேன். அந்தக் கேள்விக்கும் தெங்கிலிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியவில்லை. மகள் நோட்டை மூடிவைத்தாள்.

அடுத்த வாரம் சோதனைத் தாள் வந்தது. எல்லாம் சரி, ஒன்று மட்டும் தப்பு. தெங்கிலிங்குக்கு நேரே ஊர்வன என்று அவள் எழுதியிருக்க, டீச்சர் அதைச் சிவப்பு மையில் அடித்துப் பாலூட்டி என்று திருத்தியிருந்தார். ஆக, இதிலும் அக்கா சொன்னதுதான் சரி.

பெரிம்மா அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் மறந்துவிட்டாயா என்று கேட்டேன். அவள் பள்ளிக் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"மறக்கலம்மா. நீங்க பாவம்னுதான் அப்படி எழுதினேன். பெரிம்மாகிட்ட சொல்லல."

அவள் என் பக்கம் நிற்கவேண்டும் என்றுதானே இத்தனை நாளும் பொருமிக்கொண்டிருந்தேன். நின்றுவிட்டாள். அக்காவைப் பார்த்து மட்டும் இதுவரை யாரும் பாவம் என்று சொன்னதில்லை.