மலைக்கோயிலில் என் பின்னால் வந்த ஏழு பேர்

அந்த அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. பூட்டு மாட்ட வளையமும் இல்லை. மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவு. ஒரு விரலால் தள்ளினால் நகர்கிறது. விருத்தாசலத்தில் முக்குக்கடைக்கு டீ குடிக்கப் போனாலும் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறவன் நான். ஜப்பானுக்கு வந்து ஒன்பது வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. மலைமேல் இருக்கும் புத்தர் கோயிலில், வருகிறவர்கள் ஓர் இரவு தங்குவதற்கென்று வைத்திருக்கும் விடுதி அது. ஷுகுபோ என்கிறார்கள். தொழிற்சாலையில் எங்கள் பிரிவு முழுவதையும் அனுப்பியிருந்தார்கள். பையை எங்கே வைப்பது என்று நின்றுகொண்டிருந்தபோது காகிதச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. மொரிதா. மூன்று வாரமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

காரணம் இதுதான். நான் வேலை செய்வது சோற்றுக் கிண்ணமும் தட்டும் செய்யும் பீங்கான் தொழிற்சாலையில், சூளைப் பிரிவில். ஊரில் பத்தாவது முடித்ததும் பீங்கான் கம்பெனியில் சூளைக்குச் சாமான் அடுக்கக் கற்றேன். அந்தக் கைவேலைதான் என்னை இங்கே கொண்டுவந்தது. மூன்று வாரத்துக்கு முன் முதலாளி என்னை ஹன்ச்சோ ஆக்கினார், அதாவது ஏழு பேருக்குத் தலைவன். மொரிதா அறுபதை நெருங்குகிறவர், அந்தச் சூளையிலேயே முப்பது வருடமாக இருப்பவர். பதவி அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டு நின்றுவிடப் போகிறார் என்று பேச்சு. அவர் போய்விட்டால் மற்ற ஆறு பேரும் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள். அவர் கண்ணைப் பார்த்துத்தான் அவர்கள் நகர்வார்கள். நானோ நான்கு பேர் முன்னால் குரல் எழும்பாதவன். ஊரில் போனஸ் கேட்க எல்லோரும் மேனேஜர் அறைக்குப் போன அன்று, நான் களிமண் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அறுந்துபோகாத செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மலைக்குப் புறப்படும் முன் ஊரில் இருக்கும் என் மனைவி செல்வியிடம் போனில் இதைச் சொன்னேன்.

“கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிடட்டுமாங்க?” என்றாள். எங்கள் பக்கத்தில் தீராத குறையைச் சீட்டில் எழுதி அந்தக் கோயிலில் கட்டிவிடுவார்கள். எதிராளியைச் சாமி விசாரிக்கும்.

“அந்த மனுசன் என்னா தப்பு பண்ணாரு? பேசல, அவ்ளோதான்.”

“அதுவும் சரிதான். எதிராளி இருக்கற தூரத்துக்குத் தக்கன படிக்காசு வேற கட்டணும். ஜப்பான்னு எழுதிக் குடுத்தா சீட்டு வாங்கறவரு மயக்கம் போட்டுருவாரு.”

“நீ சும்மா இரு.”

“நானா? நீங்கதான் இருவது வருசமா சும்மா இருக்கறீங்க. வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசுங்க.”

அன்று சாயங்காலச் சாப்பாட்டில் பேசிப் பார்த்தேன். வெங்காயம், பூண்டு இல்லாத சமையல். அமாவாசைச் சாப்பாட்டுக்குப் பழகிய நாக்குக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. எள்ளை அரைத்துக் கட்டியாக்கிய துண்டு ஒன்று வைத்திருந்தார்கள். “மொரிதா சான், இந்த எள் நன்றாக இருக்கிறது” என்றேன். அவர் தன் கிண்ணத்தை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். நான் கேட்டதாக நினைத்தாரா, வாயை மூடு என்றாரா, தெரியவில்லை. மறுப்பதற்கும் வெட்கமாக இருந்தது. இரண்டையும் சாப்பிட்டேன்.

காலை ஆறு மணிக்குப் பூசை. துறவி ஒரே குரலில் ஓதிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன் உட்கார்ந்திருந்த வயதான தம்பதி எழுந்து போய், மேசைமேல் இருந்த பெட்டியிலிருந்து எதையோ மூன்று விரலால் எடுத்தார்கள். முழங்கை உயர்ந்தது, கை நெற்றிக்குப் போயிற்று, கீழே இறங்கிற்று. பின்னால் இருந்து எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது போதாதா? தலைவன் என்பதால் எங்கள் வரிசையில் நான்தான் முதல். போனேன். பழுப்பு நிறப் பொடி, சந்தன வாசனை. மூன்று விரலால் அள்ளி, நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துவிட்டேன்.

துறவியின் குரல் ஒரு மூச்சு நின்று மறுபடி ஓடியது. அப்போதுதான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த கனலைப் பார்த்தேன். நெற்றிக்கு நேராக உயர்த்தி வணங்கிவிட்டு, பொடியைக் கனலில் போட வேண்டும். அதுதான் முறை. காது சுட, இடத்துக்கு வந்து துண்டால் நெற்றியைத் துடைத்தேன். இனி இந்த ஏழு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தோன்றியது.

அடுத்தது மொரிதா. பொடியை எடுத்தார். கனலைப் பார்த்தார். பிறகு நிதானமாகத் தன் நெற்றியில் பட்டையாகப் பூசிக்கொண்டு திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் இருந்த ஆறு பேரும் கோயில் வாசல் மிதிக்காத பிள்ளைகள். இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று வரிசையாகப் பூசிக்கொண்டு வந்தார்கள். கடைசிப் பையன் கன்னத்திலும் கொஞ்சம் தடவியிருந்தான்.

வெளியே படிக்கட்டில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். “உங்களுக்கு முறை தெரியுமே?” என்றேன்.

“தெரியும். சின்ன வயதிலிருந்து வருகிறேன்” என்றார். “முன்னால் போகிறவர் செய்வதைப் பின்னால் வருகிறவர் செய்ய வேண்டும். சூளையிலும் அப்படித்தான். தப்பென்றால் புத்தர் உங்களைத்தான் கேட்பார்.” முகத்தில் சிரிப்பில்லை. பிறகு, “ஹன்ச்சோ, திங்கட்கிழமை சூளையை எத்தனை மணிக்கு மூட்டுவது?” என்றார். அந்தப் பதவிப் பெயரால் அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை.

“ஐந்து மணிக்கு.” என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நாலரை நல்லது.”

“ஐந்து. கிண்ணங்களில் பூசிய மெருகு காய நேரம் வேண்டும்.”

அவர் “ஹாய்” என்று தலை குனிந்தார். சரி என்று அர்த்தம். அவர் வேலையை விட்டு நிற்கப் போவதில்லை.

இறங்கும் முன் துறவியே என் போனை வாங்கி எங்களைப் படம் எடுத்தார். எட்டுப் பேரும் ஒரே நீலக் கம்பெனிச் சட்டையில் இருந்தோம். ஏழு பேரும் பூசியதைத் துடைக்கவில்லை. அதைச் செல்விக்கு அனுப்பினேன். பேருந்து ஏறுவதற்குள் கூப்பிட்டாள்.

“ஏங்க, நெத்தி நெறையப் பூசிக்கிட்டு ஏழு பேரு நிக்கிறாங்களே, நம்ம பக்கத்து ஆளுங்களா?”

“ஜப்பான்காரங்க.”

“அப்ப நடுவுல வெறும் நெத்தியா நிக்கிறாரே ஒரு ஜப்பான்காரரு, அவரு யாரு?”

“நான்தான்” என்றேன்.