பஞ்சு டிரைவரின் இடது கால்

பணிமனையில் அவருக்குப் பெயர் பஞ்சு. ஆள் ஒன்றும் மெத்தென்று இருக்கமாட்டார். தூண் மாதிரி உடம்பு, பிரஷ் மாதிரி மீசை. அவர் ஓட்டினால் வண்டி பஞ்சின் மேல் போகிற மாதிரி இருக்கும் என்று எப்போதோ ஒரு கண்டக்டர் சொல்லப்போய், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருடமாகப் பதினேழாம் நம்பர் பேருந்து. ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் பாதி பொறாமை என்பது அவருக்கும் தெரியும். வெளியே காட்டிக்கொள்ளமாட்டார், உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

வலி முதலில் இடுப்பில்தான் வந்தது. நாள் முழுக்க இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இடுப்பு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்று விட்டுவிட்டார். ஆறு மாதத்தில் அது கீழே இறங்கியது. புட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் பின்பக்கமாக, கெண்டைக்கால் வழியே இடது பாதத்தின் கட்டைவிரல் வரைக்கும், பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு இழுப்பதுபோல் இருந்தது. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு தும்மினார்.

அதற்கப்புறம் வலி கொஞ்சம் குறைந்தது. பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. குறைகிறதே என்று அவர் சந்தோஷப்பட்டார். வீட்டு மாடிப்படியில் இடது காலைக் கையால் தூக்கி வைத்து அவர் ஏறுவதை மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது, ஏதோ பெட்டியைத் தூக்கி வைக்கிற மாதிரி காலைத் தூக்கி வைக்கிறீங்க?"

"மரத்துப்போச்சு. சரியாயிடும்."

"இதையேதான் நாலு மாசமா சொல்றீங்க. நாளைக்குக் கிளம்புறீங்க, நானும் வர்றேன்."

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பின் அடியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார். முதலில் பயிற்சி செய்து பார்க்கட்டும், கேட்காவிட்டால் ஆபரேஷன் என்று கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்.

கீழ்த்தளம் ஒரு நீள அறை. வரிசையாக ஆறு கட்டில், நடுவில் பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு இணைக்கம்பிகள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. இடுப்பு உடைந்தவர்கள், முட்டி மாற்றியவர்கள், முதுகு பிடித்தவர்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடியில் தங்களைத் தாங்களே பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தபடி கால்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி கொடுக்கும் பிசியோ அம்மா குள்ளமான ஆள். குரல் மட்டும் அறையின் அந்தக் கோடி வரை போகும்.

அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கைகளை ஊன்றி மார்பை மட்டும் மேலே தூக்கச் சொன்னாள். பத்துத் தடவை.

"இப்ப வலி எங்க இருக்கு?"

"கால்ல குறைஞ்ச மாதிரி இருக்கும்மா. ஆனா இடுப்புல ஜாஸ்தி."

"நல்லது. கால்ல இருக்கறது மேல ஏறி முதுகுக்கு வந்தா, நரம்பு மூச்சு விடுதுன்னு அர்த்தம். கீழ இறங்கினாத்தான் பயப்படணும்."

பிறகு மல்லாக்கப் படுக்கச் சொல்லிக் கால் கட்டைவிரல்களை மேலே தூக்கச் சொன்னாள். "நான் அமுக்குவேன். விட்டுக்கொடுக்காதீங்க." வலது விரல் அசைந்துகொடுக்கவில்லை. இடது விரல், அவள் ஒற்றை விரலை வைத்த உடனே மடங்கிவிட்டது.

"என்ன வேலை பாக்குறீங்க அண்ணே?"

"பஸ் டிரைவர்."

அவள் கையை எடுத்துவிட்டாள். "கிளட்ச் மிதிக்கிறது இந்தக் கால்தானே? ஆறு வாரம் வண்டியைத் தொடக்கூடாது. நான் லெட்டர் தர்றேன், உங்க ஆபீஸ்ல குடுங்க."

கடிதத்தை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பணிமனை அலுவலகத்தின் வாசல் வரை போனார். அங்கே ஜன்னலோரம், கண்பார்வை மங்கியதால் வண்டியிலிருந்து இறக்கப்பட்ட பழைய டிரைவர் ஒருவர் டயர் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தார். ஒரு காலத்தில் அந்த மனிதர் ஹாரன் அடித்தால் தெருவே ஒதுங்கும். பஞ்சு அப்படியே திரும்பி வந்துவிட்டார். மனைவியிடம், "மாத்து ஆள் இல்லையாம், ஒரு மாசம் பொறுக்கச் சொல்றாங்க" என்றார். பிசியோ அம்மாவிடமும் அதே பொய்.

பதினோராம் நாள், மதியம். சந்தை நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டினார். வண்டி நின்றுவிட்டது, கியரில்தான் இருந்தது. கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருப்பதாகத்தான் அவர் நினைத்தார். கால் எப்போது வழுக்கியது என்று அந்தக் காலுக்கே தெரியவில்லை. வண்டி ஒரு முழம் எகிறி முன்னால் பாய்ந்து, இருமி அணைந்தது. பின்னால் யாரோ விழுகிற சத்தம். அப்புறம் ஒரு பெண்ணின் முனகல்.

இறங்கிப் பார்த்தபோது படிக்கட்டுப் பள்ளத்தில் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அப்படித் திரும்பக்கூடாது என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டம் கூடிவிட்டது. பஞ்சு கூட்டத்துக்கு வெளியே நின்றார், பக்கத்தில் போகவில்லை.

கண்டக்டர் அவரோடு ஒன்பது வருடம் ஓடியவன். அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்க் காதில் சொன்னான். "அண்ணே, நீங்க வாயைத் திறக்காதீங்க. நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டான். வண்டி நிற்கும் முன்பே பயணி எழுந்துவிட்டார் என்று அறிக்கை எழுதினான். இரண்டு பயணிகள் ஆமாம் போட்டார்கள். இந்த டிரைவர் வண்டியைக் குலுக்கினார் என்று யார்தான் நம்புவார்கள்? பஞ்சு கையெழுத்துப் போட்டார். நான்காம் நாள் முதுகுவலி என்று சொல்லி விடுப்பு எடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை, பாவம் மனுஷன் இடிந்துபோய்விட்டார் என்றார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலை, கீழ்த்தளத்தில் அவர் குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி எழும்போது, எதிரே கண்ணாடியில் அந்த அம்மா தெரிந்தார். நான்கு கால் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி வந்துகொண்டிருந்தார். பஞ்சுவின் கை மடங்கி மார்பு கட்டிலில் மோதியது.

அந்த அம்மாவுக்கு அவரைத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே அவராகப் பேச்சுக் கொடுத்தார். சந்தைக்குப் பின்னால் பூட்டு சாவிக் கடை வைத்திருப்பவர். கணவர் போனபிறகு, நகல் சாவி வெட்டுவது, பூட்டுத் திறப்பது எல்லாம் தானே செய்துவந்தவர்.

"இடுப்பெலும்பு சேந்துடும்னு சொல்றாங்க தம்பி. அது இல்ல என் கவலை."

"வேற என்னம்மா?"

"வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே நான் எழுந்துட்டேனாம். எனக்கு அப்படி நெனப்பே இல்ல. நின்னுச்சு, கம்பியைப் பிடிச்சேன், எழுந்தேன். இப்படித்தான் ஞாபகம். ஆனா பாத்தவங்க அத்தனை பேரும் பொய்யா சொல்வாங்க? என் பையன் பயந்துட்டான். அம்மாவுக்குப் புத்தி தடுமாறுது, இனிமே தனியா விடக்கூடாதுன்னு கடையைப் பூட்டிட்டான்." அவர் சிரிக்கப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் பூட்டுத் திறந்தவ நான். என் கடைச் சாவியை என்கிட்டயே குடுக்க மாட்டேங்கிறான். அடுப்பை அணைச்சேனான்னு ராத்திரி நாலு தடவை எழுந்து பாக்குறேன். என்மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு தம்பி."

பஞ்சு அன்று பாதியில் எழுந்து போய்விட்டார். இடுப்பு உடைந்ததைக்கூட விபத்து என்று மனதுக்குச் சமாதானம் சொல்லியிருந்தார். இதற்கு என்ன பெயர் வைப்பது? கடைசியில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கடிதத்தையும் எடுத்துக் காட்டினார். அவள் அதை வாங்கி முழுக்கப் படித்தாள். பிறகு, "என்கிட்டயும் பொய் சொல்லியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு நாள் கழித்து அந்த அறையில், அந்த அம்மாவின் கட்டில் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, அந்த வண்டியை ஓட்டினது நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சரியாத்தான் எழுந்தீங்க. வண்டி நின்னப்புறம்தான் எழுந்தீங்க. என் கால் மரத்துப்போய்க் கிளட்ச்சை விட்டுடுச்சு. ஓட்டக்கூடாதுன்னு இவங்க லெட்டர் குடுத்திருந்தாங்க. நான் குடுக்காம மறைச்சுட்டேன்."

பிசியோ அம்மா பக்கத்தில்தான் நின்றாள். கையிலிருந்த, காலில் கட்டும் மணல்பையைக் கீழே வைத்தாள்.

சாவிக்கடை அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் கம்பியைப் பிடிச்சிருந்தேனா?"

"நான் பாக்கலம்மா. ஆனா வண்டி நின்னுடுச்சு, அது சத்தியம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா, கோபமா என்று பஞ்சுவுக்குப் புரியவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. "சாயங்காலம் என் பையன் வருவான். இதே வார்த்தையை அவன்கிட்ட சொல்லுங்க" என்றார்.

சொன்னார். மகன் கைநீட்டி அடிக்க வந்தான், அம்மாதான் தடுத்தார். மறுநாள் பஞ்சு பணிமனையில் நடந்ததை எழுதிக் கொடுத்தார். விசாரணை நடந்தது. கண்டக்டருக்கும் தண்டனை உண்டு, மூன்று மாதம் இடைநீக்கம். உங்களுக்காகத்தானே அண்ணே எழுதினேன் என்று ஒருமுறை கேட்டான், அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பஞ்சுவின் ஓட்டுநர் வேலை போயிற்று, பணிமனைக்குள்ளேயே உதிரிப்பாகக் கிடங்கில் உட்காரவைத்தார்கள். பாதத்துக்குப் பாதி பலம்தான் திரும்பியது. மீதி வரலாம், வராமலும் போகலாம் என்றாள் பிசியோ அம்மா. பயிற்சி சொல்லிக் கொடுக்கிறாள், ஆனால் அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

சாவிக்கடை அம்மா தன் பயிற்சி நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். ஊன்றுகோலோடு தினம் இரண்டு மணி நேரம் கடையில் உட்காருகிறாராம், தனியாக. இதைப் பிசியோ அம்மா வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது பஞ்சுவின் காதில் விழுந்தது.

இப்போது கிடங்கு வேலைக்கு அதே பதினேழாம் நம்பர் பேருந்தில்தான் போகிறார். உட்கார்ந்தால் வலிக்கும் என்பதால் நின்றுகொண்டே போவார். புது டிரைவர் இளவட்டம், பிரேக்கைக் குத்திக் குத்திப் பிடிக்கிறான். பக்கத்தில் யாராவது, "இதுக்கு முன்னாடி ஒருத்தர் ஓட்டுவாரு பாருங்க" என்று ஆரம்பித்தால், பஞ்சு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்வாசல் பக்கம் போய்விடுவார்.