மூன்றாம் கேட்டின் ஃபுட்ஃபால்

1. பத்து மணிக்குள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் ராஜசேகர் சார் என்னிடம் சொன்னது இதுதான்: "தெனமும் காலைல பத்து மணிக்குள்ள எனக்கு ஃபுட்ஃபால் வந்துடணும். ஒரு நாள்கூட மிஸ் ஆகக் கூடாது."

"ஓகே சார்" என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ஃபுட் தெரியும், ஃபால் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன என்று தெரியாது. கேட்கவும் மனம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்து, கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு, முதல் நாளே முழிக்க முடியுமா?

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆவடி பக்கம், பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி இருக்கிறது எங்கள் மால். கீழே மூன்று மாடி கடைகள், அதற்கு மேல் இரண்டு மாடி ஆபீஸ்கள், பின்னால் நான்கு டவர் ஃப்ளாட்டுகள். ஃப்ளாட்டுக்காரர்கள் ரோட்டுக்கு வராமலே மாலுக்குள் நுழைய ஒரு தனி வழி உண்டு. அதுதான் மூன்றாம் கேட். நான் அங்கே ஆபரேஷன்ஸ் ட்ரெய்னி. ஆறு மாதம் ப்ரொபேஷன். அது முடிந்து மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம்.

சாயங்காலம் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, ஃபுட் என்றால் கால், ஃபால் என்றால் விழுவது என்றேன். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

"இன்னாது, தெனம் காலைல காலுல உழணுமா? யார் காலுல?"

"தெரியலப்பா."

"எத்தினி பேரு உழுறீங்க?"

"அதைத்தான் எழுதித் தரச் சொல்றாரு போல."

"அப்டியாப்பட்ட வேலையே வாணாம். ஊட்டாண்ட இரு."

மறுநாள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் செல்வி அக்காவை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னதற்காக இன்றைக்கும் அவரிடம் எனக்கு மரியாதை. "உள்ள வர்ற ஜனம்தாம்மா. கதவுக்கு மேல ஒரு பொட்டி கீது பாரு, அது எண்ணிக்கினே இருக்கும். நீ அத்தப் பாத்து எழுதிக் குடு."

2. எங்கிருந்தோ வந்த கூட்டம்

ஐந்தாவது மாதம் மூன்றாம் கேட்டில் ஓர் அதிசயம் நடந்தது. சூப்பர்மார்க்கெட்டுக்காக எல்லா கேட்டையும் காலை எட்டு மணிக்கே திறப்போம். எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் மெயின் கேட்டில் நாற்பது பேர் வந்தால் பெரிது. மூன்றாம் கேட்டில் பெட்டி இருநூற்றைம்பது என்று காட்டியது. மறுநாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை இன்னும் கூடுதல்.

ராஜசேகர் சாருக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ஹெட் ஆபீஸுக்கு ப்ரெசன்டேஷன் போட்டார். 'ரெசிடென்ஷியல் கேட்ச்மென்ட்', அதாவது ஃப்ளாட்டுகளிலிருந்து வரும் கூட்டம், என்று நடுவில் ஒரு பெரிய வட்டம். அந்த கேட்டுக்கு எதிரே காலியாகக் கிடந்த கடைக்கு ஒரு ஸ்வீட் ஸ்டால் முதலாளியையும் பிடித்துவிட்டார். அவர் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

"சங்கீதா, வர்றவங்க யாரு, என்ன வயசுன்னு பார்ட்டி கேப்பாரு. புதன்கிழமை நீயே போய் நின்னு எண்ணு. ரிப்போர்ட்ல உன் பேரைப் போட்டுக்கோ."

ரிப்போர்ட்டில் என் பெயர்! அப்பாவுக்குக் கைநாட்டுதான். இப்போது ரேஷன் கடையில் எல்லாரும் விரல் வைப்பதால் அவருக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. ஆனால் அச்சில் எங்கள் வீட்டுப் பெயர் ரேஷன் கார்டைத் தாண்டி வேறெங்கும் வந்ததில்லை.

3. டிக், டிக்

புதன்கிழமை, கையில் அடக்கமான டாலி கவுன்டருடன் போய் நின்றேன். ஆள் நுழைந்தால் ஒரு டிக். மஞ்சள் கோடு போட்ட டி-ஷர்ட்டில் ஒரு பெரியவர், டிக். குரங்குக் குல்லாயில் ஒருவர், டிக். இன்னொரு மஞ்சள் கோடு. இன்னொரு குரங்குக் குல்லாய். 'ஃப்ளாட்டில் மஞ்சள் கோடு டி-ஷர்ட்டுக்கு மவுசு அதிகம்' என்றுகூட நோட்டில் எழுதிவிட்டேன்.

ஐந்தாவது மஞ்சள் கோடு என் முன்னால் நின்றது.

"ஏம்மா, ரவுண்டு எண்ணத்தானே நிக்கிற? எனக்கு எத்தனை ஆச்சு? பேச்சு சுவாரசியத்துல விட்டுட்டேன்."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த குரங்குக் குல்லாய் விடவில்லை. "அவனுக்கு நாலுதாம்மா. அஞ்சுன்னு சொன்னா நம்பாத. ஃபேக்டரியிலயே பஞ்ச் அடிச்சிட்டு கேன்டீனுக்குப் போற ஆளு."

அவர்கள் மொத்தம் பதினோரு பேர். எல்லாரும் டிஃபென்ஸ் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஃப்ளாட்டுக்கு வந்தவர்கள். வெயிலுக்கு பயந்து ஏசியில் வாக்கிங். மூன்றாம் கேட்டில் நுழைந்து, நான்காம் கேட்டில் வெளியேறி, தோட்டத்தைச் சுற்றி மறுபடியும் மூன்றாம் கேட். ஆளுக்கு இருபது, இருபத்தைந்து ரவுண்டு.

"உள்ளயே திரும்பி நடக்கலாமே சார்?"

மஞ்சள் கோட்டுக்காரர் குணசேகரன் சார் குரலைத் தாழ்த்தினார். "அந்த செல்வியம்மா திட்டுதும்மா. தொடச்ச தரையில திரும்பி மிதிக்காத, இப்டிக்கா வெளிய போன்னு."

ஆக, எங்கள் ரெசிடென்ஷியல் கேட்ச்மென்ட்டை உண்டாக்கியது செல்வி அக்காவின் மாப்.

4. ரிப்பீட் விசிட்டர்ஸ்

"சார், மூணாம் கேட்ல வர்றது பதினோரு பேர்தான்."

"பதினோரு நூறா?"

"பதினோரு பேர் சார்."

ராஜசேகர் சார் ப்ரெசன்டேஷனின் வட்டத்தைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "பதினோரு பேர்னு எழுதாத. ரிப்பீட் விசிட்டர்ஸ்னு எழுது. பொய் இல்லையே?"

அவர் மேஜையில் என் கன்ஃபர்மேஷன் ஃபார்ம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் இதற்கு வாயால் வடை சுடுவது என்று பெயர். ரிப்போர்ட்டின் கீழே இருப்பதோ என் பெயர். இரவு முழுக்க யோசித்துக் காலையில் டைப் செய்தேன்: ரிப்பீட் விசிட்டர்ஸ், பதினோரு பேர்.

படித்துப் பார்த்தவர் அதைத் தன் டிராயரில் போட்டுப் பூட்டினார். ஃபார்மையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை ஸ்வீட் ஸ்டால் முதலாளி சரியாக எட்டு மணிக்கு வந்து கேட்டருகே நின்றார். ராஜசேகர் சார் வாயைத் திறப்பதற்குள் என் பக்கம் திரும்பி, "டெய்லி எத்தனை பேரும்மா வருவாங்க?" என்றார்.

நான் ஃபார்மை நினைத்தேன். "பதினோரு பேர் சார். ஆனா மழை பேஞ்சாலும் வருவாங்க."

சார் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி மூடவில்லை. எதிரே வந்த குணசேகரன் சாரை நிறுத்தி, "அண்ணே, இங்க ஸ்வீட் கடை போட்டா வாங்குவீங்களா?" என்றார்.

"எங்க பதினோரு பேருக்கும் சுகர்."

"அப்ப என்னதான் சாப்பிடுவீங்க?"

"வடை."

"மசால் வடை!" என்றது குரங்குக் குல்லாய்.

"மெதுவடைடா. உனக்குப் பல்லு எங்க இருக்கு?"

பதினோரு பேரும் நின்று சண்டை போட்டார்கள். முதலாளி கால்மணி நேரம் ரசித்துக் கேட்டார். ஸ்வீட் ஸ்டால் வேண்டாம் என்றார். ஒரு சின்ன டீ, வடை கவுன்டருக்கு அங்கேயே ஒப்புக்கொண்டார். போகும்போது ராஜசேகர் சாரிடம், "உங்க மால்ல உண்மையைச் சொல்ற ஒரு பொண்ணு இருக்கு. விட்டுடாதீங்க" என்றார். மதியம் டிராயர் திறந்தது. ஃபார்மில் கையெழுத்து விழுந்தது.

5. காரணம்

கவுன்டர் திறந்த முதல் வாரமே மூன்றாம் கேட்டின் ஃபுட்ஃபால் இருநூற்றைம்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கியது. ஆளுக்கு இரண்டு ரவுண்டு. அதற்குமேல் எல்லாரும் வடைக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். என்ன ஆயிற்று என்று ஹெட் ஆபீஸ் பதறிப்போய்க் கேட்டது. ரிப்போர்ட் எழுதும் வேலை என்னிடமே வந்தது. ஒரே வரிதான் எழுதினேன்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது: தெரியாத வார்த்தையை முதல் நாளே கேட்டுவிடுங்கள். பெட்டி காட்டும் எண்ணை எழுதுமுன் கேட்டருகே போய் முகங்களைப் பாருங்கள்.

அந்த ரிப்போர்ட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "காரணம்: வடை. தயாரித்தவர்: சங்கீதா."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வடைய நீயா சுட்ட?"

"இல்லப்பா. அங்க நான் மட்டும்தான் சுடல."