டயறித் தாளில் ஒரு முகவரி

வன்னியில் நான் கண்ட ஒரே கணினி எங்கள் நிவாரண அலுவலகத்தில் இருந்தது. அதைத் தட்டுகிறவன் நான். சண்டையில் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து வந்த பிறகு, இரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், இரத்த வகை, முகவரி எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரியிலோ கணினியும் இல்லை, மின்சாரமும் இல்லை. அதனால் அந்தப் பட்டியலை அச்சடிக்க, டொக்டர் தன்னுடைய டயறியின் வளையத்தைத் திறந்து வெற்றுத் தாள்களைக் கழற்றித் தருவார். வன்னிக்குள் கடதாசி கொண்டுவரவும் அரசாங்கத்தின் தடை இருந்த காலம். உள்ளங்கை அகலத் தாளை ஒவ்வொன்றாகப் பிறிண்டருக்குள் செருகவேண்டும். கொஞ்சம் கோணினாலும் பெயர் தாளிலும் ஊர் வெளியிலும் விழும். ஜெனரேற்றரில் மண்ணெண்ணெய் தீருமுன் முடிக்கவும் வேண்டும். மாதாமாதம் திட்டித் திட்டித்தான் அந்த வேலையைச் செய்தேன்.

என் மனைவிக்கு முதல் பிள்ளை பிறந்தது. பிள்ளை நன்றாக அழுதது. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. அவளுடையது ஓ நெகட்டிவ், என்னுடையது பொருந்தாது. டொக்டர் டயறியைப் புரட்டினார். அந்த வகைக்கு ஒரேயொரு பெயர். முகவரி: வட்டக்கச்சி. நானே அச்சடித்த தாள்.

"ஆளைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பொழுதுபடுமட்டும் இவா தாங்கமாட்டா" என்றார் டொக்டர்.

எங்கே போய்ப் பிடிப்பது? வட்டக்கச்சியில் அப்போது காக்கை குருவிகூட இல்லை. ஊர் முழுக்க எழும்பி வந்துவிட்டது. எங்கள் சனத்தின் புத்தி அப்படி. முகவரி கேட்டால், இருக்கிற கொட்டிலைச் சொல்லமாட்டார்கள், விட்டுவந்த வீட்டைத்தான் சொல்வார்கள். கொட்டிலெல்லாம் ஒரு முகவரியா? என்னைக் கேட்டிருந்தாலும் கிளிநொச்சி வீட்டைத்தான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அந்த ரோசத்தை நினைக்க எரிச்சலாக வந்தது.

சைக்கிளை எடுத்தேன். சந்தியில் தண்ணீர்க் குடத்தோடு போன ஓர் அம்மாவை மறித்து, "வட்டக்கச்சிச் சனம் எங்கை இருக்கினம்?" என்று கேட்டேன்.

"தேக்கங்காட்டுக்கை போங்கோ தம்பி. ஊராய் வந்து ஊராய்த்தான் இருக்கினம். பிள்ளையாரையும் கொண்டுவந்திட்டினம்."

அந்தப் பிள்ளையாரைக் கும்பிடக்கூட நான் நிற்கவில்லை. பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே கொட்டில் கொட்டிலாக ஓடினேன். விசரன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கடைசியில் ஒரு கொட்டிலில் ஆள் அகப்பட்டார். மலையகத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் வயல் செய்தவர். போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நான் சொல்லி முடிக்குமுன்பே எழுந்துவிட்டார்.

"இருங்க தம்பி, சட்டையைப் போட்டுக்கிட்டு வர்றேன்."

பின்னால் ஏறி என் முதுகில் சாய்ந்துகொண்டார். அவர் உடம்பின் சூடு என் சட்டையைத் தாண்டிச் சுட்டது. தெரியாத மாதிரி மிதித்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவருடைய கண் இமையை இழுத்துப் பார்த்தார். "உங்களுக்கு மலேரியாவெல்லோ?"

"முந்தாநாளுதான் காய்ச்சல் விட்டுச்சு. பரவாயில்ல, எடுங்க ஐயா."

டொக்டர் என்னை வெளியே கூட்டிப்போனார். "இந்த இரத்தத்தை ஏத்தினா அவாவுக்கும் மலேரியா வரும். அதை அவாவின்ரை உடம்பு தாங்குமோ தெரியாது. ஏத்தாட்டி இண்டைக்கே முடிஞ்சுபோம். நீங்கள்தான் சொல்லவேணும்."

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. ஆனாலும், நோயை அவளுக்கு ஏற்று என்று நானா சொல்வது? காய்ச்சல்காரனின் இரத்தத்தை உறிஞ்சு என்று நானா சொல்வது? கடவுள் மேலும் டொக்டர் மேலும் கோபம் கோபமாக வந்தது. உள்ளே பிள்ளை வீரிட்டது. எட்டிப் பார்த்தேன். அந்த மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஏத்துங்கோ" என்றேன்.

அவள் பிழைத்தாள். ஆனால் பேச்சில்லை, எது கேட்டாலும் தலையை மட்டும் அசைத்தாள். மலேரியாக் குளிசைக்கும் தட்டுப்பாடு. கிடைத்த கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு, அவள் நெற்றியில் கையை வைத்தபடியே நாட்களைக் கழித்தேன். பிள்ளையைத் தூக்கிப் பார்க்கவும் மனமில்லை.

ஒரு மத்தியானம், வெயில் கிடுகுக் கூரையை வறுத்துக்கொண்டிருந்த நேரம், அவளுடைய பற்கள் கிடுகிடுவென்று அடிக்கத் தொடங்கின.

"இஞ்சேருங்கோ," என்றாள், "குளிருது."

சேலை, சாரம், சாக்கு, கைக்கு அகப்பட்டதையெல்லாம் அவள் மேல் போட்டேன். அத்தனைக்கும் அடியில் கட்டில் ஆடும்படி நடுங்கினாள். வாய் திறந்துவிட்டாளே என்று நான் அழுதேன், சிரித்தேன். பிறகு குளிசை தேடச் சைக்கிளை எடுத்தேன்.