சுவர் தாண்டிப் போன ஜெபம்

காலை ஆறரைக்கு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினோம், நானும் டேனியல் அண்ணனும். பங்காருபேட்டைக்கு ஆளுக்கு இருபது ரூபாய். கையில் பை கிடையாது, மாற்றுத்துணி கிடையாது, சாப்பாட்டுப் பொட்டலமும் கிடையாது. விசுவாசத்தில் போகிறவனுக்குப் பை எதற்கு என்று எங்கள் பாஸ்டர் சொல்லியிருந்தார். அம்மா மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியாமல் என் சட்டைப் பையில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையைப் போட்டிருந்தாள்.

எங்கள் சபை வாணியம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை இளைஞர்கள் இரண்டிரண்டு பேராகத் தெரியாத ஊருக்குப் போய், தெரியாத ஒருவருக்காக, அவர் முன்னால் நின்று ஜெபிக்க வேண்டும். மறுநாள் ஆராதனையில் அதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். போன மாதம் எனக்குத் திருப்பத்தூர். அங்கே ஒரு பஸ் கண்டக்டருக்காகக் கண்ணை மூடி ஜெபித்தேன். திறந்தபோது பஸ் போயிருந்தது. அதைச் சாட்சி என்று சொல்ல முடியாது என்று சபையில் தீர்மானமாகிவிட்டது. ஆகவே கோலார் தங்க வயல் எனக்கு இரண்டாவது வாய்ப்பு.

டேனியல் அண்ணன் பைக் மெக்கானிக். சபையில் ஜெபத்துக்குப் பேர்போனவர். அவரோடு போகிறவன் "ஆமென்" சொன்னால் போதும் என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை இராமுழு ஜெபத்தில் அவர் தொண்டை சுத்தமாக அடைத்துப்போயிருந்தது. ஜோலார்பேட்டை நடைமேடையில் என்னைப் பார்த்ததும் கழுத்தைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையையும் விரித்தார். பிறகு என் மார்பில் விரலால் குத்தினார். நீதான் என்று அர்த்தம்.

எனக்குக் குரல் இல்லாமல் இல்லை. சோளக்கொல்லையில் குருவி விரட்டி வளர்ந்த தொண்டை. அதோடு, எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். குடும்பத்தோடு எங்கே போனாலும் பலகைகளைப் படித்துச் சொல்வது சிறு வயதிலிருந்தே என் வேலை. அப்பா பஸ்ஸின் கடைசி இருக்கையில் இருந்தாலும் கேட்க வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பச்சூர், மல்லானூர், குப்பம் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். குப்பத்தில் பலகை தெலுங்குக்கு மாறியது. எதிரே தூங்கிக்கொண்டிருந்தவர் கண் திறக்காமலே, "காமசமுத்திரம் வந்தா சொல்லுப்பா" என்றார். சொன்னேன். இறங்கிப் போனார். என் படிப்பால் அன்று முதலில் பயனடைந்தவர் அவர்தான்.

காலை எட்டே முக்காலுக்குப் பங்காருபேட்டை. நிலையத்துக்கு வெளியே டீ பன்னிரண்டு ரூபாய், எங்கள் ஊரைவிட இரண்டு ரூபாய் அதிகம். டீ போடுகிறவர் ஒருவரிடம் கன்னடத்திலும் அடுத்தவரிடம் தெலுங்கிலும் சில்லறை கேட்டார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். துணிந்து கேட்டேன்.

"அண்ணா, உங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணலாமா?"

"பண்ணுங்க. போன வாரம் ஓசூர்லேர்ந்து ஒரு கூட்டம் வந்து பண்ணிச்சு. அதுக்கு முந்தின வாரம் சித்தூரு. பாலு மட்டும் திரிஞ்சிகினேதான் கீது. பாலுக்காரனுக்குப் பண்ணிப் பாருங்களேன்."

பால்காரர் காலை நான்கு மணிக்கே வந்து போய்விட்டாராம்.

பங்காருபேட்டையிலிருந்து தங்க வயலின் கடைசி நிலையமான மாரிக்குப்பத்துக்குப் பதினாறு கிலோமீட்டர், டிக்கெட் பத்து ரூபாய். காலையில் இந்தப் பாதையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம் மூச்சு முட்டும் என்கிறார்கள். நாங்கள் போனது எதிர்த்திசை என்பதால் கால் நீட்டி உட்கார இடமிருந்தது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையங்கள் வந்தன. சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண், சாம்பல் நிறக் குன்றுகளாக இரண்டு பக்கமும் நிற்கிறது. அதன்மேல் ஆடுகள் எதையோ மேய்கின்றன. எதை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எதிர் இருக்கையில் கீரைக்கட்டும் முருங்கைக்காயும் நிறைந்த பையோடு ஓர் அம்மாள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் சரோஜா. பெங்களூரில் ஓர் ஆபீசில் துப்புரவு வேலை. சனிக்கிழமை விடுமுறை என்பதால் சந்தைக்கு வந்திருந்தார். இறங்கும்போது முழங்காலைப் பிடிப்பதற்கு இப்போதே ஒத்திகை பார்ப்பதுபோல் தடவிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"ஜெபமா?" என்று எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "இந்த அண்ணா பேசவே மாட்டாரா?"

டேனியல் அண்ணன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப இவரு வேணாம். நீ எப்பிடி தம்பி, வாய்க்குள்ளயே முணுமுணுப்பியா, இல்ல சத்தமா பண்ணுவியா?"

"சத்தமாத்தான் அக்கா."

"எங்க, அந்த ஸ்டேசன் பேரப் படி."

"சாம்பியன்" என்று படித்தேன். பெட்டியின் மறுகோடியிலிருந்து ஒருவர் எழுந்து கதவுப் பக்கம் போனார்.

"நீ போதும்" என்றார் சரோஜா அக்கா. "ரயில்ல வேணாம். வூட்டுக்கு வாங்க."

தெரியாத ஒருவர் ஜெபத்துக்காக எங்களை வீட்டுக்கு அழைத்துப் போகிறார். டேனியல் அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார். ஞாயிற்றுக்கிழமைச் சாட்சியின் முதல் வரியை மனத்துக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய வீடுகள் ரயில் பெட்டிகள்போல ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. லைன் என்கிறார்கள். சரோஜா அக்காவின் வீடு லைனின் நடுவில். ஓர் அறை, ஒரு சமையல் இடம். சுவரில் முருகன், மாரியம்மன், கல்யாணக் கோலத்தில் ஒரு பெண். அந்தப் பெண் அவருடைய மகள் கவிதா.

பாயை விரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். கவிதா பெங்களூரில், கே.ஆர்.புரத்தில், நாலாவது மாடியில் இருக்கிறாள். அடுத்த மாதம் பிரசவம். அப்பாவும் அம்மாவும் வந்து கூடவே இருங்கள் என்று ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். அங்கே போய்விட்டால் அக்காவுக்கும் தினமும் இருட்டில் எழுந்து ரயில் பிடிக்கும் வேலை மிச்சம். ஆனால் புருஷன் ஏழுமலை வரமாட்டேன் என்கிறார். தீபாவளிக்குப் போன இடத்தில், மகள் வீட்டு வாசல் வரைக்கும் போய்விட்டு மாடிக்கு ஏறாமல், கீழே வாட்ச்மேனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். மகள் அழுதாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

"அந்தாளத் தனியா வுட்டுட்டும் போவ முடியல. போவாமலும் இருக்க முடியல. எந்த சாமியா இருந்தாலும் பரவால்ல தம்பி, நல்லா கேக்கற மாதிரி சொல்லு."

எழுந்து நின்றேன். கண்ணை மூடினேன். முதல் வாக்கியம் உடனே வரவில்லை. பிறகு வந்தது.

"ஆண்டவரே! சரோஜா அக்காவின் முழங்கால்களைப் பாரும். கர்ப்பவதியான கவிதாவின் கண்ணீரைப் பாரும். பெற்ற மகளின் படியேற மறுத்த ஏழுமலை ஐயாவின் கல்நெஞ்சை இன்றைக்கே உடைத்தருளும்!"

"கல்நெஞ்சுன்னு எவன்டா சொன்னது?"

குரல் மேலிருந்து வந்தது. ஒரு விநாடி அதை நான் வேறுவிதமாக நினைத்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. முழங்கால் தானாகவே மடங்கியது.

கண்ணைத் திறந்தபோதுதான் அந்த வீட்டை முழுதாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவர் ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம் போய் நின்றுவிடுகிறது. அதற்குமேல் கூரை வரை வெறும் காற்று. லைன் முழுக்க அப்படித்தானாம்.

"டேய் ஏழுமலை, சும்மா இருடா" என்றது இன்னொரு குரல். அது பக்கத்து வீட்டுக் கோவிந்தன். "தம்பி, முழங்காலுக்கு அப்புறம் இன்னா சொன்ன? டிவி சத்தத்துல வுட்டுப்போச்சு. இன்னொரு வாட்டி சொல்லு."

நான் சரோஜா அக்காவைப் பார்த்தேன். ஒரு குடும்பத்தின் இரகசியத்தை லைன் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டேனே என்று வியர்த்தது. அவரோ அமைதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, அவர் அங்கதான் இருக்காருன்னு தெரியுமா?"

"பேச்சு நின்னதுலேர்ந்து பகல் பூரா அங்கதானே கீறாரு. இங்க ஒருத்தர் தும்முனா கோடி வூட்ல நூறு ஆயுசும்பாங்க. தெரியாமலா உன்னக் கூட்டியாந்தன்?" என்று குரலைத் தாழ்த்தினார். "மூஞ்சப் பாத்து சொல்ல மாட்டேன்னு சபதம் பண்ணிட்டன். சாமிகிட்ட சொன்னா சபதத்துல சேராது."

டேனியல் அண்ணனுக்குச் சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. எனக்கு வருத்தமாக இருந்தது. நான் ஆண்டவரை நோக்கித்தான் பேசினேன், மனதார. அது சுவர் தாண்டி வேறொருவருக்குப் போய்ச் சேர்வதற்காக அழைத்துவரப்பட்டேன் என்றால் நான் யார்? யோசிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஏழுமலை பேசினார்.

"தம்பி, அவ சாமிகிட்ட கேட்டா நானும் சாமிகிட்டதான் பதில் சொல்லணும். என் பேருக்கும் ஒண்ணு போடு. பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்லேன்னு சொல்லு."

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, ஏழுமலை ஐயாவுக்கு மகள்மேல் கோபம் இல்லை."

"அப்ப ஏன் மேல வரல? கேளு" என்றார் சரோஜா அக்கா, கீரையைப் பார்த்தபடி.

"ஆண்டவரே, அப்படியானால் ஏன் மாடி ஏறவில்லை என்பதை..."

"நெஞ்சுல மைன் தூசி கீதுன்னு சொல்லு. நாலு மாடி படி ஏற முடியாது."

"லிஃப்டு கீதேன்னு சொல்லு."

"ஆண்டவரே, லிஃப்ட் இருக்கிறது."

டிவியை யாரோ நிறுத்தினார்கள். எந்த ஜெபத்திலும் அவ்வளவு அமைதியை நான் அனுபவித்ததில்லை.

"தம்பி," என்றார் ஏழுமலை. குரல் இறங்கியிருந்தது. "இத்த கொஞ்சம் மெதுவா சொல்லு. இருவது வருசம் மைனுக்குள்ள ஆள எறக்கற இரும்புக் கேஜுல எறங்கி ஏறுனவன் நானு. கேஜு வாயில ஒருத்தன் நிப்பான். எல்லாரும் ஏறிட்டாங்களான்னு கண்ணால பாத்து, மூணு வாட்டி மணி அடிப்பான். ஆளுங்க போறாங்க, பாத்து எறக்குன்னு அர்த்தம். அந்த லிஃப்டுல ஆளே இல்ல. கதவு தானா மூடுது. எவன் பாத்தான் நான் ஏறுனத? எவன்கிட்ட சொன்னான்? நானு எப்பிடி ஏறுவன்?"

கோவிந்தன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "அது நாயந்தானே" என்றார் அவர். "எங்க மச்சான் வூட்லயும் அப்பிடித்தான். நானு போறதே இல்ல."

இதை எப்படி ஜெபமாக்குவது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன். சரோஜா அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சுவரருகே போனார். சாமியிடம் அல்லாமல் நேராகச் சுவரிடம் பேசினார்.

"இதுக்கா வாட்ச்மேன் கூட குந்திகினு சாப்ட்ட?"

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"பொண்ணு எத்தினி அழுதுச்சு தெரியுமா? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"இன்னான்னு சொல்றது? மைன்ல இருந்தவன் லிஃப்டுக்கு பயப்படறான்னு மாப்ளகிட்ட சொல்றதா?"

சரோஜா அக்கா விரலை மடக்கிச் சுவரில் தட்டினார். மூன்று முறை.

"நானு வெளிய நின்னு பாக்கறன். நீ ஏறிட்டன்னு தெரிஞ்சதும் தட்டறன். அப்புறம்தான் கதவு மூடணும். போதுமா?"

"ரெண்டு தட்டிடப் போற. எண்ணித் தட்டு."

"மூணே தட்டறன்."

"நீ எப்பிடி மேல வருவ?"

"எனக்கு இன்னா, நானு படியேறி... அய்ய, முட்டி." முதல்முறையாகச் சிரித்தார். "நீ மேல போயி எனக்குத் தட்டு. நானு அடுத்த ட்ரிப்புல வரன்."

ஏழுமலை வாசல் சுற்றி வந்தார். ஒல்லியான மனிதர், அறுபது இருக்கும். மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ஊட்டா ஆச்சா?" என்றார். சாப்பாடு இன்னும் ஆகவில்லை என்றேன். முருங்கைக்காய்க் குழம்பும் கீரையும் சோறும் வந்தன. பை கொண்டுவராதது சரிதான் என்று பட்டது. கோவிந்தனுக்கான கிண்ணம் சுவருக்கு மேலேயே போனது. நாளைக் காலை ரயிலில் கே.ஆர்.புரம் போய்ப் பார்ப்பது என்று சாப்பாட்டுக்கு நடுவே முடிவானது. என்னிடம் யாரும் ஜெபிக்கச் சொல்லவில்லை. இருவரும் நேராகவே பேசிக்கொண்டார்கள், பெரும்பாலும் உப்பைப் பற்றி.

மாலை ரயிலுக்கு எங்களை நிலையம் வரை கொண்டுவிட வந்தார் ஏழுமலை. வழியில் கேட்டார்.

"தம்பி, அவ கேட்டுட்டா, அது தெரியும். லைனே கேட்டுச்சு. சாமி கேட்டாரா?"

"அவர்தான் முதல்ல கேட்டார், ஐயா. நான் வாய் திறக்கறதுக்கு முன்னாலேயே."

கொஞ்ச தூரம் நடந்தார். "அப்ப எதுக்கு அத்தினி சத்தம்?"

அதற்குப் பதிலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் சுவர் கூரை வரை இருக்கிறது. என் முதல் சம்பளத்தில் அப்பா எழுப்பிய சிமெண்ட் சுவர். இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் அப்பாவும் என்ன நினைக்கிறார்கள் என்று எதுவும் கேட்காது. அதைப் பெருமையாக ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். ரயில் பெட்டியில் உட்கார்ந்ததும் கவிதாவுக்காகவும் அந்த லிஃப்டுக்காகவும் ஜெபித்தேன், வாயைத் திறக்காமல். அப்படி ஜெபித்தது அதுதான் முதல்முறை.

கண் திறந்தபோது ரயில் போயிருக்கவில்லை. ஏழுமலை ஜன்னலுக்கு வெளியே நின்று, நான் இருக்கிறேனா, டேனியல் அண்ணன் இருக்கிறாரா என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்தியானதும் பெட்டியின் இரும்பில் விரல் முட்டியால் தட்டினார். மூன்று தட்டு. ரயில் நகர்ந்தது.

"ஆமென்" என்றார் டேனியல் அண்ணன். அன்று முழுக்க அவர் தொண்டையிலிருந்து வந்த ஒரே சொல் அதுதான்.