தெய்வானை அக்கா காத்திருந்த கடிதம்

தானா ராத்தா பஸ் நிலையத்தில் நான் அன்றைய பயணிகளின் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தெய்வானை அக்காவின் மகள் மல்லிகா வந்து நின்றாள். கையில் குடை இருந்தும் நனைந்திருந்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க. மூணு நாளு காய்ச்சல்தான். நேத்து விடியறப்போ அடங்கிருச்சு," என்றாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அவள் அடுத்துச் சொன்னதுதான் அப்படியே நிற்கிறது. "பதினாறாம் நாளுக்கு நம்ம தோட்டத்து இளைஞர் மன்றத்துப் பசங்க அம்மாவப் பத்தி ஒரு மடல் அடிச்சுக் குடுக்கப் போறாங்க. நீங்கதான் மாமா எழுதணும். அம்மாவுக்காக அந்த வெள்ளக்கார டாக்டருங்ககிட்ட வாயத் தொறந்து பேசுன ஒரே ஆளு நீங்கதானே."

எழுதுகிறேன் என்று தலையாட்டினேன். தலையாட்டிக் காலம் தள்ளியவன் நான். அவள் போன பிறகு பஸ்ஸில் ஏறி, பயணிகள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. உடம்பு கூசியது.

தோட்டத்து மக்களே, தெய்வானை அக்காவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாரியம்மன் கோயில் கூழுக்கு உப்புப் பார்க்க அவர் நாக்கைத்தான் கூப்பிடுவீர்கள். கங்காணி சத்தம் போட்டால் எதிர்த்துப் பேசாமல், அவர் போன பிறகு அவரைப் போலவே நடந்து காட்டி மொத்த வரிசையையும் சிரிக்க வைப்பவர் அவர். அவர் குணத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்து நாலு வரி எழுதினால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகிவிடும். பத்து வருடமாக அதைத்தான் செய்துவந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நான் சுற்றுலா பஸ்ஸில் வழிகாட்டியாகச் சேர்ந்தேன். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் எங்களுக்கு அறுவடைக் காலம். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது கோடை விடுமுறை. ஆசிரியர் மாநாடு, பொறியாளர் மாநாடு, பாதிரிமார் மாநாடு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டு மலை ஏறி வந்துவிடுவார்கள். நாங்கள் கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, அவர்கள் அரைக்கால் சட்டையோடு கோடை என்பார்கள். இரண்டு நாள் பேசிக் களைத்ததும் மூன்றாம் நாள் அவர்களை ஊர் சுற்றிக் காட்டுவது என் வேலை. தேயிலைத் தோட்டம், தொழிற்சாலை, பிரிஞ்சாங் பூந்தோட்டம், சந்தை, நாலு மணிக்கு ஹோட்டலில் தேநீர்.

அந்த நாட்களில் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கையால் கொழுந்து கிள்ளுவது போய்க் கத்தரி வந்துவிட்ட காலம் அது. ஆனால் பயணிகள் கையால் கிள்ளுவதைப் பார்க்கத்தானே வருகிறார்கள்? அதனால் பஸ் வரும் நாளில் ரோட்டோரத்துச் செடிகளை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். ஆறு பெண்களைச் சுத்தமான சேலையில், முதுகில் கூடையோடு நிறுத்துவார்கள். கத்தரிகள் செடிக்கு அடியில் மறைந்திருக்கும். முன்வரிசையில் எப்போதும் தெய்வானை அக்கா நிற்பார். பஸ்ஸைப் பார்த்ததும், "வந்துட்டாங்கடி, நாடகம் ஆரம்பம்," என்று மற்றவர்களுக்குக் குரல் கொடுப்பார்.

அந்த நாடகத்தில் எங்கள் இருவருக்கும் தனியாக ஒரு விளையாட்டு இருந்தது. யாராவது பயணி, "இந்த அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்பார். அக்கா முகத்தில் பணிவைக் காட்டிக்கொண்டு வாய்க்கு வந்ததைத் தமிழில் சொல்வார். நான் அதை இங்கிலீஷில் வேறு மாதிரி மாற்றிச் சொல்வேன். நெட்டையான ஒருவரைப் பார்த்து, "இந்தத் துரை ஒட்டடை அடிக்கத் தோதான ஆளு," என்றார். எங்கள் மலையைப் போல நீங்களும் உயர்ந்தவர் என்று வாழ்த்துகிறார் என்றேன். அகலத் தொப்பி போட்ட ஒரு பெண்மணியிடம், "இதுல பதினோரு முட்டை வச்சுக் கோழிய அடைக்கு விடலாம்," என்றார். உங்கள் தொப்பி அழகு என்கிறார் என்றேன். அந்தப் பெண்மணி அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிரைவர் ராமு அண்ணன் சிரிப்பை அடக்க டயரை உதைத்துப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வார். அக்கா சொல்வார்: "நான் என்னா சொன்னாலும் உன் வாயில சக்கரையாப் போயிருது தம்பி."

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஜூலை மாதம் மருத்துவர் மாநாடு ஒன்று நடந்தது. பஸ் நிறைய டாக்டர்கள். என் பின்னிருக்கையில் உட்கார்ந்த வெள்ளைத் தாடிக்காரர், தான் கண் மருத்துவர் என்றும், இத்தனை வளைவில் ஓட்டும் டிரைவரின் கண்ணைச் சோதித்துப் பார்க்க ஆசை என்றும் வேடிக்கையாகச் சொன்னார். நீ எந்த ஊர் என்றும் கேட்டார். டவுன் என்றேன். தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவன், என் அம்மாவும் கொழுந்து கிள்ளியவர் என்பதை ஒரு பயணியிடமும் நான் சொன்னதில்லை.

தோட்டத்தில் எல்லாரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். வழக்கம்போல் ஒருவர், "இவர் என்ன சொல்ல விரும்புகிறார்?" என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, இன்னைக்கு வெளையாட்டு வேணாம். இவங்கெல்லாம் டாக்டருங்கன்னு கிராணி சொன்னாரு. இதுல கண்ணு டாக்டரு யாராச்சும் இருந்தா கேளுப்பா. எனக்கு நேரா இருக்கறது தெரியுது, ரெண்டு ஓரமும் இருட்டுது. பக்கத்துச் செடியே தெரிய மாட்டேங்குது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் குடுத்த மருந்து கேக்கல. நான் சொன்னத அப்படியே சொல்லு."

டாக்டர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரர் என்னிடமிருந்து நாலடி தூரத்தில் நின்றார். அந்தப் பக்கம் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நின்றார். அதற்கு முந்தின மாதம்தான் தோட்டத்து ஆள் யாரோ ஒரு பயணியிடம் டுயிட், அதாவது காசு, கேட்டுவிட்டார் என்று தோட்டத்து மானேஜர் கோபப்பட்டு, இனி ஆட்கள் எதையாவது கேட்டால் உங்கள் பஸ் உள்ளே வராது என்று எங்களை எச்சரித்திருந்தார். அதனால் பயந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி இதுதான்: இந்த அழகான மலையில் ஒரு பெண் கண்ணைக் காட்ட டாக்டர் இல்லாமல் ரோட்டோரத்தில் நின்று கேட்கிறாள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னால், டவுன்காரனான என்னையும் அவளோடு சேர்த்துப் பார்ப்பார்களோ என்று நினைத்தேன்.

"இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொல்கிறார். எங்கள் தேநீரைக் கட்டாயம் குடித்துப் பார்க்கச் சொல்கிறார்," என்றேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். அந்தத் தாடிக்காரர்தான் முதலில் தட்டினார். டாக்டர் கண்ணைப் பார்க்கச் சம்மதித்துவிட்டார் என்று அக்கா அதை எடுத்துக்கொண்டார். கண் கலங்க இரண்டு கையையும் கூப்பினார். அப்போதாவது பேசியிருக்கலாம். "நேரமாச்சுலா தம்பி, ஏறச் சொல்லு," என்று ராமு அண்ணன் கூப்பிட்டார். நான் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்தக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கினோம். தோட்டத்து வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். காலைப் பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்காமல், தலை வாரி, தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றார். கையில் டிரெஸர் எழுதிய சீட்டு. பஸ்ஸைக் கண்டதும் கையை உயர்த்தினார். ராமு அண்ணன் வேகத்தைக் குறைத்து, "நம்ம தெய்வானைலா, நிறுத்தவா?" என்று கேட்டார். "வேணாம்ணே, சும்மா வழியனுப்ப வந்திருக்காங்க," என்றேன். பஸ்ஸிலிருந்த டாக்டர்கள் எல்லாரும் சன்னல் வழியாக அவருக்குச் சந்தோஷமாகக் கையசைத்தார்கள். கண் மருத்துவரும் அசைத்தார்.

அதோடு நின்றிருந்தால்கூட நான் வெறும் கோழை. அதற்குமேலும் போனேன். அடுத்த வாரம் இன்னொரு கூட்டத்தோடு போனபோது அக்கா என்னை ஓரமாக அழைத்து, "டாக்டரு என்னா சொன்னாரு தம்பி?" என்று கேட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நிற்காமல் போனதற்கும் அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்: "பிளேனுக்கு நேரமாயிருச்சாக்கும்." ஆமாம் என்றேன். அதோடு என் நாக்கு நிற்கவில்லை. "ஊருக்குப் போயி கடுதாசி போடறேன்னாருக்கா. என்ன மருந்துன்னு எழுதறேன்னாரு."

அந்தப் பொய்யைச் சொல்லும்போது அது பெரிய பாவமாகத் தெரியவில்லை. ஒரு மனுஷியின் மனசைக் குளிர வைக்கிறோம் என்றுகூட நினைத்தேன். அதுவரை எல்லாரையும் குளிர வைத்தே சம்பாதித்தவன். ஆனால் அக்கா அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பஸ்ஸுக்கும், "கடுதாசி வந்துச்சா?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்பேன். "கப்பல்ல வரும்போல," என்று சிரிப்பார். அவர் கணவர் வேலு அண்ணன், கோலா தெர்லாவிலிருந்து இறங்கும் காய்கறி லோரியில் இடம் கேட்டு வைத்து, ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். அக்கா மறுத்துவிட்டார். "பெரிய டாக்டரே எழுதறேன்னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள எதுக்கு அவசரம்?"

ஒரு வருடம் அப்படிப் போனது. ஒருநாள் முன்வரிசையில் நின்ற அக்கா கால் தவறி வாய்க்காலில் விழுந்தார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து வேலு அண்ணன் என்னிடம் சொன்னார்: "ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா மருந்து ஊத்தியே நிறுத்தியிருக்கலாமாம் தம்பி. போனது போனதுதானாம்." எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். லைன் வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "அக்கா, அன்னைக்கு அந்த டாக்டர்கிட்ட நான்..." என்று தொடங்கினேன். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "நீ என்னாப்பா பண்ணுவ. கேக்கவாச்சும் கேட்டியே. இங்க எனக்காக யாரு வாயத் தொறந்தா?" பக்கத்து வீட்டுக்காரியிடம், "இந்தத் தம்பிதான்டி நான் சொன்னது," என்று பெருமையாகக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் ஊற்றிக் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டு வந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். கண்ணைக் கெடுத்தவனுக்கே பலகாரம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

தெய்வானை அக்காவை நினைத்துக்கொள்ள உங்களிடம் அவர் சிரிப்பு, அவர் கைமணம், அவர் நடந்து காட்டிய கங்காணி எல்லாம் இருக்கின்றன. என்னிடம் அவர் சொன்ன நன்றி மட்டும்தான் இருக்கிறது. அதில் ஒரு துளியும் எனக்கு உரியது அல்ல. உயிரோடு இருந்தபோது அவர் கையில் திருப்பிக் கொடுக்கத் துணிவில்லாமல், இப்போது உங்கள் முன்னால் கொண்டுவந்து வைக்கிறேன்.

இதுவரை எழுதியதை அச்சுக்குப் போகும் முன் மல்லிகாவிடம் கொடுத்தேன். கிழித்துப் போட்டாலும் சரி என்றேன். அவள் வாசலில் நின்றபடியே கடைசிவரை படித்தாள். படித்து முடித்ததும் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "போன மாசம்கூட போஸ்ட்மேன் வந்தப்போ, வெளிநாட்டுத் தபால் இருக்கான்னு அம்மா கேட்டாங்க," என்றாள். தாள்களை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்படியே போட்டுடச் சொல்றேன். நீங்க கெளம்புங்க சார்," என்றாள். சின்ன வயதிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்ட பெண்.