தண்ணீர் பீச்சினால்தான் திரும்பும்

ஓசூரிலிருந்து தளி போகிற வழியில், ஏரிக்கரையில் புதிதாக ஒரு விடுதி வந்திருந்தது. போர்வை துவைப்பதும் புல்லுக்குத் தண்ணீர் விடுவதும் அங்கே என் வேலை. காலையில் ஏரிமேல் பனி படுத்திருக்கும். கொடியில் விரித்த போர்வை எது, பனி எது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றுவிடுவேன்.

என் மகளின் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் புது பைக்குகளை ஓட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தார். காண்ட்ராக்ட் முடிந்தது என்று நிறுத்திவிட்டார்கள். மகளுக்கு அப்போது ஏழு மாதம். அந்தச் சமயம் விடுதிக்குத் தண்ணீர்மேல் ஓடும் ஸ்கூட்டர் ஒன்று வந்தது. ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் வேலை தருவதாக முதலாளி சொன்னார்.

எங்கள் வீட்டில் மாமியார் மருமகனிடம் நேராகப் பேசுவதில்லை. கல்யாணமாகி நான்கு வருடம், ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "சாப்பிடச் சொல்லும்மா" என்பேன் மகளிடம்.

பெங்களூரிலிருந்து வந்த மெக்கானிக் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். "இதுக்குச் சக்கரமும் இல்ல, துடுப்பும் இல்ல. பின்னாடி ஒரு குழாய். ஹேண்டில்ல இருக்கற விசைய அமுத்துனா அதுல தண்ணி பீச்சும். ஹேண்டிலத் திருப்புனா குழாய் திரும்பும். தண்ணி பீச்சுனாத்தான் வண்டி திரும்பும். விசையிலிருந்து விரல எடுத்துட்டா ஹேண்டில் சும்மா பொம்மை, நேராத்தான் போகும். கொத்தாயித்தா, புரிஞ்சுதா?"

"ஆயித்து, ஆயித்து" என்று சிரித்தார் மருமகன். "எத்தன பைக் பாத்திருப்பேன்!"

புல்லருகே நின்ற எனக்கும் புரிந்தது. கையில் ரப்பர் குழாய். தண்ணீர் பாயும்போது முனையை ஒரு பக்கம் சாய்த்தால் கையை மறுபக்கம் தள்ளும். தண்ணீரை நிறுத்திவிட்டால் வெறும் கயிறு.

மறுநாள் முதலாளியும் மெக்கானிக்கும் அக்கரையில் நின்றார்கள். நான் இந்தப் பக்கம் மதகுக் கல்லருகே போர்வை அலசிக்கொண்டிருந்தேன். பனிக்குள்ளிருந்து வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு வண்டி வந்தது. கனவில் வருவதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சட்டென்று சத்தம் அடங்கியது. பைக் பழகிய கை, கரையோரம் வளைய வேண்டிய இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்துவிட்டது. ஹேண்டிலை முழுக்க ஒடித்துப் பிடித்திருந்தார். வண்டியோ நேராக மதகுக் கல்லை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ளை! விரல எடுக்காதீங்க! அமுத்துங்க, அமுத்திக்கிட்டே திருப்புங்க!"

என் குரலா அது? வண்டி உறுமியது. பின்னால் தண்ணீர் பீறிட, கல்லுக்கு இரண்டு முழம் முன்னால் வளைந்து போனது. அலை என்னை இடுப்புவரை நனைத்தது. ஒரு போர்வை மெதுவாக ஏரிக்குள் மிதந்து போனது.

வேலை கிடைத்தது. அன்று சாயங்காலம் மருமகன் மகளிடம் சொன்னார்: "உங்கம்மாவுக்கு வாயிருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"பெரிய டெஸ்ட் டிரைவரு! போர்வ தொவைக்கறவங்க சொல்லித்தரணும்" என்றாள் மகள்.

எனக்கு முகமெல்லாம் கூசியது. அடுப்பங்கரைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து, "இன்னொரு தோசை வேணுமான்னு கேளும்மா" என்றேன்.

"வேணும் அத்தை" என்று அவரே சொன்னார்.

கல்லில் மாவை ஊற்றிக் கரண்டியைச் சுற்றினேன். வெள்ளையாக, ஏரியில் பார்த்த அதே வளைவு.